துவாரகைக்குப் பூக்கட்டிப் பார்த்தோம்

மட்டாஞ்சேரியில் தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்க வேண்டும். வெளியே வைத்தால் இரண்டே நாளில் குச்சி நமுத்துவிடும். உரசினால் மருந்து மட்டும் பிய்ந்து வரும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து கல்யாணமாகி வந்த முதல் வாரம் இதைக் கண்டு சிரித்தேன். எங்கள் ஊரில் ஈரச்சேலையைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்புமுன் மொடமொடவென்று காய்ந்திருக்கும். இங்கே காற்றையே பிழியலாம். பத்து வருஷத்தில் சிரிப்பு போய்விட்டது. இப்போது ஊருக்குப் போனாலும் கை தானாக அரிசிப் பானையைத் தேடுகிறது.

என் வீட்டுக்காரருக்கு பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிட்டங்கியில் எடை போடும் வேலை. பக்கத்து வீட்டில் காந்தா பென் என்று ஒரு குஜராத்தி அம்மாள். பென் என்றால் அக்கா. மாசி வெயிலில் கிட்டங்கி வாசலெல்லாம் சுக்கு காயும். அந்த வாசனையில் மத்தியானம் கண் சொக்கும். அந்த நேரத்தில்தான் பென் சுருதி பிடித்ததுபோல் துவாரகையைப் பற்றிச் சொல்வார். அவர் பேசுவது குஜராத்தி கலந்த மலையாளம், நான் கேட்பது தமிழ் மனதில். "அவிடேயும் இதே கடல்தன்னே. பக்ஷே காற்று வேற, உணங்கிய காற்று" என்பார். உணங்கிய என்றால் காய்ந்த. அதைக் கேட்டதும் எனக்குள் என்னவோ ஆகும். கடலும் இருக்கிறது, கரிசல் காட்டுக் காற்றும் இருக்கிறது, இரண்டும் சேர்ந்த ஒரு ஊர் பகவானுக்கென்று வடக்கே இருக்கிறது. கோபுரத்தில் ஒரு நாளைக்குப் பல தடவை கொடி மாற்றுவார்களாம். அந்தக் கொடி படபடப்பது சமையல்கட்டில் எனக்குக் கேட்கும்.

ஆசை மட்டும் என்றால் அடக்கியிருப்பேன். போன மழைக்காலத்தில் என் வீட்டுக்காரர் மஞ்சள்காமாலையில் கிடந்து கண் எல்லாம் பழுத்துவிட்டபோது, காந்தா பென் தன் பூஜை விளக்கின்முன் என்னை உட்காரவைத்து, "இவர் எழுந்தால் சரசுவைக் கூட்டிக்கொண்டு வந்து உன் கொடியைக் காட்டுகிறேன்" என்று வேண்டிக்கொண்டார். மனிதர் எழுந்துவிட்டார். வேண்டுதல் நிற்கிறது. வாயால் சொன்னது பென்தான். ஆனால் தாலி என்னுடையதல்லவா?

இந்த வருஷம் சித்திரையில் பென் புறப்படுவதாக இருந்தது. மழை தொடங்குமுன் போய்த் திரும்ப வேண்டும். கிட்டங்கியிலும் சித்திரையில்தான் லீவு. ஆனால் எங்கள் குலதெய்வம் காளியம்மனுக்குக் கொடைத் திருவிழாவும் அதே வாரம். போதாததற்கு இவருடைய அண்ணன், இந்த வருஷம் நம் வீட்டுப் பொங்கல் பானைதான் முதலில் ஏற வேண்டும் என்று கடுதாசி போட்டிருந்தார்.

"வருஷத்துக்கு ஒருவாட்டி அவ மூஞ்சியப் பாக்கோம். அதையும் விட்டா அவ நம்மள மறந்துருவா, புள்ள."

"பெத்தவ மறப்பாளாங்க? நேந்துக்கிட்டத மறந்தாத்தான் குத்தம்."

பேசிப் பேசித் தீரவில்லை. கடைசியில் அவரே, "சரி, பூக்கட்டிப் பாத்துருவோம்" என்றார். ஊருக்குப் போய்க் கேட்க நாளில்லை. "இங்கன உள்ள பகவதிகிட்ட கேப்போம். எல்லாம் ஒரே தாய்தான்" என்று சொன்னதும் அவர்தான்.

நம் பக்கத்தில் தெரியாதவர்கள் யார்? வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். பிள்ளை ஒன்றை எடுக்கும். வெள்ளை என்றால் சரி, சிவப்பு என்றால் வேண்டாம். என் கல்யாணமே அப்படித்தான் முடிவானது. கொச்சி மாப்பிள்ளை வேண்டுமா என்று காளியம்மனிடம் கேட்டபோது, வாழையிலைப் பொட்டலத்துக்குள்ளிருந்து நந்தியாவட்டை வெள்ளையாகச் சிரித்தது. கொச்சி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்கு அப்போது தெரியாது.

இங்கே நந்தியாவட்டை கிடைத்தது, செவ்வரளி கிடைக்கவில்லை. எதிர்வீட்டு அம்மிணிச் சேச்சியின் வேலியில் தெச்சி, நம்மூர் இட்லிப்பூ, பூத்துக்கிடந்தது. சிவப்பு சிவப்புதானே என்று ஒரு கொத்து பறித்துக் கட்டினேன். சேச்சியும் கூட வந்தாள். காலை பூஜை முடிந்ததும் சாந்திக்காரர், அதாவது பூசாரி, இரண்டு பொட்டலத்தையும் நடையில் வைத்துக் கொடுத்தார். எங்கள் மகள் செல்வி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். இலையைப் பிரித்தேன். தெச்சி.

என் கண் நிறைந்துவிட்டது. கொடி படபடத்ததெல்லாம் ஒரே நொடியில் நின்றது. இவர் பெருமூச்சு விட்டு, "அவ்வளவுதான்" என்றார். ஆனால் சாந்திக்காரர் முகமெல்லாம் சிரிப்பாக, "தெச்சியல்லே கிட்டியது! தேவிக்கு ரொம்ப இஷ்டம். தைரியமாய்ப் போயிட்டு வா" என்று என் கையில் பிரசாதச் சந்தனத்தை வைத்தார்.

"இல்ல சாமி, சிவப்பு வந்தா போகக்கூடாது" என்றார் இவர்.

"அது யாரு பறஞ்சது?"

"எங்க ஊர்ல அப்படித்தான்."

அம்மிணிச் சேச்சி விடவில்லை. "எடோ, தான் சோதிச்சது தன்டெ நாட்டிலோ, இவிடெயோ? இவளுடெ வீட்டில் வந்து கேட்டால் இவள் இவளுடெ பூவல்லே தரும்?" கேட்டது பகவதி வீட்டில் என்றால் பகவதி தன் பூவைத்தானே கொடுப்பாள் என்பது சேச்சியின் கட்சி.

"ஏன், பகவதிக்கு நம்ம முறை தெரியாதாக்கும்?" என்று முணுமுணுத்தபடி இவர் பிரகாரம் சுற்றப் போய்விட்டார். நான் நடையிலேயே நின்றேன். சேச்சி சொன்னதை நம்பினால் என் ஆசைக்காக நம்பியதாகும். இவர் சொன்னதை நம்பினால் வேண்டுதல் கிடந்து உறுத்தும். சிவப்புப் பூ ஒன்று, அதற்கு அர்த்தம் இரண்டு. எதிரே தேவியின் கழுத்திலும் தெச்சி மாலைதான். அவள் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அவள் எந்த முறைப்படி பேசினாள் என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "நான் யோசிச்சுப் பாத்தேன். ஒரே பூவத்தான் ரெண்டு பேருக்கும் காட்டிருக்கா. எனக்குப் போகாதேன்னு சொல்லுதா, உனக்குப் போன்னு சொல்லுதா. நீயும் செல்வியும் பென்னோட போங்க. நான் போய்ப் பானைய ஏத்துதேன்."

கேட்டது கிடைத்துவிட்டது. சிரிக்கத்தான் வரவில்லை. கல்யாணமானதிலிருந்து இவர் இல்லாமல் நான் ரயில் ஏறியதில்லை. புறப்படும் நாள் வெலிங்டன் தீவு ஸ்டேஷன்வரை வந்து, ஜன்னல் வழியே தண்ணீர்க் கூஜாவைக் கொடுத்து, "கடல்ல ரொம்ப எறங்காத" என்றார். மறுநாள் அவர் கொல்லம், செங்கோட்டை வழியாக ஊருக்கு.

துவாரகையில் காற்று பென் சொன்னபடியே இருந்தது. சேலை கண்முன் காய்ந்தது. செவ்வாய்க்கிழமை அந்தியில் கோமதிக் கரைப் படியில் நின்று கொடியைப் பார்த்தேன். காலையிலிருந்து மூன்று தடவை பார்த்தும் ஆசை தீரவில்லை. அப்போதுதான் உறைத்தது, ஊரில் இன்று கொடை, இந்நேரம் பானை ஏறியிருக்கும். இவர் தனியாக அடுப்பு ஊதிக்கொண்டிருப்பார். சட்டென்று தெற்கே திரும்பிக் கைகூப்பினேன். முதுகு கோயிலுக்கு. காளியம்மனைத்தான் நினைத்தேன், கண்ணை மூடியதும் வந்து நின்றவள் மட்டாஞ்சேரிப் பகவதி.

காந்தா பென் பதறிவிட்டார். "சரசு, அவிடே கடல் மாத்ரம். பகவான் இவிடே!" திசை தெரியாமல் நிற்கிறேன் என்று நினைத்து, என் இரண்டு தோளையும் பிடித்து மெதுவாகக் கோயில் பக்கம் திருப்பினார். உடம்பு திரும்பியது. கூப்பிய கையும் கூடவே வந்தது. கழுத்து மட்டும் வெகுநேரம் வரவில்லை.