ஜெபமாலை வேகத்தில் ஓடியது

என் வீட்டுக்காரருக்கு எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாது. சாப்பாடு, கோபம், சமாதானம் எல்லாமே ஒரே வேகம்தான். எங்கள் கோவில் பங்கில் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வோம். அதை அன்பியம் என்போம். அவர் முன்னால் உட்கார்ந்து தொடங்கினால் பக்கத்து வீட்டு அண்ணி என் காதில், "இன்னிக்கு காப்பி ஆறாது" என்பாள். ஒரு மந்திரத்தை நாங்கள் முடித்த மூச்சிலேயே அடுத்ததைத் தொடங்கிவிடுவார். பங்குச் சாமியாரே ஒரு தடவை, "மாதா எங்கயும் போயிட மாட்டாங்க, மெதுவா சொல்லுங்க" என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு ஐம்பது தாண்டிய பிறகு தூர ஓட்டத்தில் ஆசை வந்தது. ஓசூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஷூ வாங்கிக் கொடுத்ததுதான் காரணம். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, நடக்கட்டும் என்று வாங்கிக் கொடுத்தாள். இவர் ஒரு வாரம் நடந்தார், அப்புறம் ஓட ஆரம்பித்துவிட்டார். இண்டூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழுக் கொட்டகையும் உண்டு. விடியலில் ஓடிவிட்டு வந்து புழுவுக்குத் தழை போடுவார். தர்மபுரியில் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம் நடக்கப் போவதாகக் கேள்விப்பட்டதும் என்னிடம் கேட்காமலே பேர் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த முதல் ஓட்டத்தை இன்றும் மறக்க முடியாது. வெடி போட்டதும் கட்டவிழ்த்த காளை மாதிரி பாய்ந்தாராம். கல்லூரிப் பையன்களையெல்லாம் தாண்டிப் போனாராம். திரும்பி வரும் வழியில் பென்னாகரம் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் வாந்தி எடுத்து உட்கார்ந்தவர் எழவில்லை. நான் மைதானத்தில் காத்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் ஓடி வந்தார்கள். இவர் ஆம்புலன்ஸில் வந்தார்.

ஆண்டவர் புண்ணியத்தில் நெஞ்சில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். இனிமேல் ஓடக் கூடாது என்றும் சொல்வார் என்று ஆசையோடு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்லவில்லை. "தாராளமா ஓடுங்க. ஆனா ஓடறப்ப பக்கத்துல இருக்கறவங்ககிட்ட வாய்விட்டுப் பேச முடியணும். பேச முடியலைன்னா வேகம் அதிகம்னு அர்த்தம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நான் ஷூவை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ரெண்டு நாள் சண்டை. கடைசியில், "பக்கத்துல இருந்து பேச ஆள் வேணும்னுதானே டாக்டர் சொன்னாரு? நான் வரேன். நான் இல்லாம ஒரு அடி ஓடக் கூடாது. ஓடினா ஷூவ அடுப்புல போட்டுருவேன்" என்றேன். அவரும் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

இப்படித்தான் நாற்பத்தெட்டு வயதில் சுடிதார் போட்டுக்கொண்டு நான் ரோட்டில் ஓட ஆரம்பித்தேன். பால் சொசைட்டியில் நிற்கிற பெண்களுக்குப் பொழுது போயிற்று. "என்னக்கா, மாமாவ டெய்லியும் தொரத்திக்கிட்டே போறீங்க, அப்படி என்ன பண்ணாரு?" என்பார்கள். "கைக்கு மாட்டினா சொல்றேன்" என்று சொல்லிவிட்டு ஓடுவேன்.

ஓடுவதுகூடப் பெரிசாகத் தெரியவில்லை. பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறம் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு மணி நேரம் விடாமல் பேச என்ன இருக்கிறது? புழு, தழை, மகள். அதற்குள் பாதி தூரம்கூட வந்திருக்காது. அப்புறம் அவர் தம்பியைப் பற்றிப் பேச்சு வரும், சண்டை வரும், சண்டை வந்தால் அவர் வேகம் கூடிவிடும். பேசாமல் இருந்தாலும் ஓடுவார், பேசினாலும் ஓடுவார். நான் என்ன செய்ய?

ஒரு நாள் அப்படித்தான் கோபத்தோடு முன்னால் போய்க்கொண்டிருந்தார். என்ன சொல்லி நிறுத்துவது என்று தெரியாமல், "ஏங்க, ஜெபமாலை சொல்லலாங்க" என்றேன். கோபத்திலும் அவர் ஜெபத்துக்கு மறுப்புச் சொல்ல மாட்டார். அருள் நிறைந்த மரியே மந்திரத்தின் முதல் பாதியை முன்னால் இருப்பவர் சொல்ல வேண்டும், பின் பாதியை மற்றவர்கள் சொல்ல வேண்டும். அவர் தன் பாதியைப் படபடவென்று சொல்லி முடித்தார். நான் என் பாதியை நிதானமாகச் சொன்னேன். நான் முடிக்கும்வரை அவர் அடுத்ததைத் தொடங்க முடியாது. என் குரல் கேட்க வேண்டும் என்றால் என்னைவிட்டுத் தள்ளிப் போகவும் முடியாது. ஜெபமாலையின் மூன்றாவது மணிக்கே அவர் கால் என் காலோடு சேர்ந்துவிட்டது. எனக்கு ரோட்டிலேயே சிரிப்பு வந்துவிட்டது. மாதாவே, இத்தனை வருஷம் இந்தக் கடிவாளம் தெரியாமல் இருந்துவிட்டேனே என்று நினைத்துக்கொண்டேன்.

ஷூ போட்டுக்கொண்டு ஓடியபடி ஜெபமாலை சொல்லலாமா என்று மனசுக்குள் உறுத்தல் இருந்தது. சாமியாரிடம் கேட்டேன். "களை எடுக்கறப்ப சொல்றீங்கல்ல? அது மாதிரிதான்" என்று சிரித்தார்.

அதிலிருந்து அதுதான் எங்கள் பயிற்சி. பத்துப் பத்தாக மாலையின் ஐம்பது மணிகளையும் சொல்லி முடிக்கும்வரை ஓட்டம். முடிவில் வரும் மாதா பிரார்த்தனைக்கு நடை. மறுபடி அடுத்த ஜெபமாலை, அடுத்த ஓட்டம். அவருக்கு மூச்சு வாங்கினால் மந்திரத்தில் வார்த்தை விழுங்குவார், உடனே தெரிந்துவிடும். எனக்கு மூச்சு வாங்கினால் என் பாதி தானாக நீளும், அவர் தானாகக் குறைப்பார். வெயில் காலம் போய் மழை வந்தது. தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். பாப்பாரப்பட்டி ரோட்டில் ஒரு சனிக்கிழமை இருபது கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து, கொட்டகையில் தழை வெட்டிப் போட்டுவிட்டுத்தான் இருவரும் படுத்தோம்.

மறுபடி தர்மபுரி ஓட்டம் வந்தது. மூன்று மணி நேரத்துக்குள் வருகிறவர்களுக்குத்தான் மெடல். அதற்கு மேல் முடிவுக் கோட்டை மூடிவிடுவார்கள். இந்த முறை சொந்தக் காலில் அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும் என்பது அவர் ஆசை. இவரை முழுசாக வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும் என்பது என் ஜெபம். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் என்பதால் சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கே போய்விட்டு வந்தோம்.

வெடி போட்டதும் எல்லோரும் பாய்ந்தார்கள். அவர் தோள் துடித்தது. நான், "ம், தொடங்குங்க" என்றேன். தொடங்கினார். முதல் ஜெபமாலை அழகாகப் போயிற்று. நாங்கள் பழகின அதே வேகம்.

இரண்டாவதில்தான் வினை. ஒரே நிறத்தில் சட்டை போட்ட பெண்கள் கூட்டம் ஒன்று பக்கத்தில் வந்தது. அதில் ஒருத்தி, "அக்கா, நீங்களும் கத்தோலிக்கா? நாங்களும்தாங்க!" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு என் பாதியில் சேர்ந்துகொண்டாள். அப்புறம் அவள் பக்கத்தில் இருந்தவள். அப்புறம் எல்லோரும். வேறு பங்கைச் சேர்ந்த டீச்சர்களும் நர்ஸுகளும் அவர்கள். ஆள் கூடக்கூட ஜெபம் எப்படி இழுபடும் என்று கோவிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். ஒருத்தர் முடிக்க ஒருத்தர் தொடர, கடைசி ஆமென் காற்றில் நீண்டுகொண்டே போகும். இவர் தன் பாதியைச் சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டு காத்திருந்தார். என்னைப் பார்த்துக் கண்ணால் ஏதோ சொன்னார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"நாம கொஞ்சம் முன்னால போலாமா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஜெபத்த பாதில விட்டுட்டா? இவங்கெல்லாம் என்ன நெனைப்பாங்க?"

அவருக்கும் மனசு வராது என்று எனக்குத் தெரியும். இந்த ஜெபமாலை முடிந்ததும் போய்விடலாம் என்று முடிவு செய்தோம். முடிந்தது. அதற்குள் ஒரு நர்ஸ் அம்மா ஓடி வந்து, "அண்ணா, என் தங்கச்சிக்கு நாளைக்கு ஆபரேஷன். அவளுக்காக அடுத்தது சொல்லுங்கண்ணா. நீங்க சொன்னா நல்லா கணீர்னு இருக்குது" என்றாள். யார் மாட்டேன் என்று சொல்ல முடியும்? மூன்றாவது ஜெபமாலை அந்தத் தங்கச்சிக்காகப் போயிற்று. பிரார்த்தனைக்கு மொத்தக் கூட்டமும் நடந்தது. திரும்பும் இடத்துக்கு வந்தபோது யாரோ மாதா பாட்டு வேறு எடுத்தார்கள்.

சைக்கிளில் வந்த தொண்டர் ஒருவர் மணிக்கட்டைக் காட்டினார். "கடைசில இருக்கறீங்க. இப்படியே போனா லைன மூடிருவாங்க."

இவர் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் என்னிடம், "பரவால்ல புள்ள, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். அவசரமே உருவான மனுஷன் இப்படிச் சொன்னதும் எனக்குத் தாங்கவில்லை. என் காலுக்கு இதற்கு மேல் வேகம் கிடையாது, எனக்குத் தெரியும். அவர் மூச்சு சீராக இருந்தது, அதுவும் தெரியும். இத்தனை மாதம் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டேதானே ஓடினேன்.

"நீங்க போங்க" என்றேன்.

"நான் சத்தியம் பண்ணிருக்கேன்."

"பண்ணச் சொன்னவளே சொல்றேன், போங்க. ஆனா வாய மூடக் கூடாது."

"ரெண்டு பேர் சொல்றத நான் ஒருத்தன் எப்படிச் சொல்றது?"

"உங்க பாதிய நீங்க சொல்லுங்க. என் பாதிய என்ன மாதிரியே சொல்லுங்க."

ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தார். கையை ஆட்டினேன். போய்விட்டார்.

அப்புறம் ஓடிய தூரம் எனக்கு நீளமாக இருந்தது. அந்தப் பெண்கள் பாட்டோடு நடந்து வர, நான் மட்டும் தனியாக ஓடினேன். மனசுக்குள் ஜெபம் வரவில்லை, அந்தப் புளியமரம்தான் வந்தது. போன வருஷம் உட்கார்ந்த மரம். தூரத்தில் பார்த்தபோது மரத்தடியில் ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். மாதாவே, நானே அனுப்பி வைத்தேனே என்று வாய்விட்டு அலறிவிட்டேன்.

கிட்டப் போனால் தண்ணீர் கொடுக்கிற இடம். வாழைப்பழத் தோல் குவிந்து கிடந்தது. தம்ளரை நீட்டிய இளைஞனிடம், "ஊதா சட்ட, மீசை வெச்ச ஒரு பெரியவர் போனாராப்பா?" என்று கேட்டேன்.

"தனியா பேசிக்கிட்டே போனாரே, அவருங்களா?" என்றான். பக்கத்தில் இருந்தவன், "யம்மா, நாங்க ஆளு ஒரு மாதிரியோன்னு பயந்துட்டோம். தண்ணி குடுத்தா வாங்கிக்கிட்டே பேசறாரு. வேகமா ஒரு தடவ, இழுத்து இழுத்து ஒரு தடவ. உங்களுக்குத் தெரிஞ்சவருங்களா?" என்றான்.

"எங்க வூட்டுக்காரருப்பா" என்றேன். அந்த இடத்தில் நின்றே அழுதேன். பிறகு தண்ணீரைக் குடித்தேன். அவர் பேசிக்கொண்டே போயிருக்கிறார். பேச முடிந்திருக்கிறது.

நான் மைதானத்துக்குப் போனபோது முடிவுக் கோட்டில் நிறுத்தியிருந்த காற்றடைத்த வளைவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கழுத்தில் மெடலோடு அங்கே நின்று, "சார், கொஞ்சம் பொறுங்க சார், எங்க வூட்டுல வந்துட்டு இருக்காங்க" என்று ஒருவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். வளைவு அரை உயரத்தில் தொங்கியது. நான் குனிந்து அதன் அடியில் நுழைந்து வந்தேன். கோட்டை மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவர் வந்து சேர்ந்தாராம். எனக்கு மெடல் இல்லை. பரவாயில்லை. நான் வேண்டியது நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது.

"வாந்தி வந்துச்சா?"

"இல்ல."

"மயக்கம்?"

"இல்ல புள்ள. பசிக்குது."

அடுத்த வாரம் புழுக்கள் நாலாம் காய்ச்சல், அதாவது நாலாவது தோலுரிப்பு, முடிந்து எழுந்துவிட்டன. அந்தச் சமயத்தில் தழை விடாமல் போட வேண்டும், ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் கொட்டகையை விட்டு நகர முடியாது. விடியலில் அவர் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கொட்டகைக்கும் நடந்தார், தனியாகப் போகட்டுமா என்று கேட்கவில்லை. நான் தழை அரிந்துகொண்டே, "போயிட்டு சீக்கிரம் வாங்க" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. "இல்ல, மெதுவாவே வாங்க" என்றேன்.

ஜெபம் சொல்லும் அவர் குரல் ரோட்டில் கொஞ்ச தூரம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அடுத்த தட்டுக்குத் தழை போட்டேன்.