பந்தில்லாத பந்தாட்டம்

உடற்கல்வி மாஸ்டரின் கழுத்தில் எப்போதும் இரண்டு சாமான்கள் தொங்கும். ஒன்று விசில், இன்னொன்று விளையாட்டுச் சாமான் அலமாரியின் சாவி. விசிலுக்கு ஓய்வே கிடையாது. சாவிக்கு வேலையே கிடையாது. உள்ளே பந்துகள் வாங்கிய மெருகு குலையாமல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. வீட்டிலும் மனிதர் அப்படித்தான். சோபாவின் பிளாஸ்டிக் உறையை இன்றுவரை கழற்றவிடவில்லை. விருந்தாளிகள் உட்கார்ந்த வேகத்தில் வழுக்கிக்கொண்டு தரைக்கு வந்துவிடுவார்கள்.

பந்தைக் கொடுத்தால் தேயும், தொலையும், யார் பதில் சொல்வது? ஆகவே பந்து பிடிக்கும் பாடத்தைப் பந்தில்லாமலேயே நடத்தினார். பிள்ளைகள் முழங்காலை மடக்கி, விரல்களை விரித்துக் கையை நீட்ட வேண்டும். அவர் விசில் ஊதியதும் வெறுங்காற்றை மார்போடு அணைத்து, "பிடிச்சாச்சு சார்!" என்று ஒரே குரலில் கத்த வேண்டும். கணீரென்று கத்தினால் முழு மதிப்பெண். அந்தப் பள்ளியில் பந்தைத் தவறவிட்ட பிள்ளையே கிடையாது.

இந்தப் பெருமையைக் கேள்விப்பட்டு, அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கலாமா என்று பார்க்க அதிகாரி அம்மா வந்தார். மாஸ்டருக்கு அந்தப் பதவியின் மேல் கொள்ளை ஆசை. அவர் மனைவியோ, பதவி கிடைத்தே விட்டதாகத் தன் அக்காவிடம் பீற்றிக்கொண்டுவிட்டாள்.

"கோட்டை விட்டுட்டு வந்து நிக்காதீங்க. அப்புறம் அக்கா மூஞ்சில நான் முழிக்க முடியாது" என்று காலையிலேயே எச்சரித்து அனுப்பியிருந்தாள்.

விசில், நீட்டிய கைகள், "பிடிச்சாச்சு சார்!" எல்லாம் பிரமாதமாக நடந்தன.

"ரொம்ப அழகா செய்யறாங்க சார். பந்து எங்க?" என்றார் அதிகாரி.

"அது அடுத்த கட்டம் மேடம்."

"அப்போ இப்பவே அடுத்த கட்டத்துக்குப் போயிடலாமே."

துருவேறிய பூட்டோடு மல்லுக்கட்டி மாஸ்டர் அலமாரியைத் திறந்தார். அதிகாரி ஒரு பந்தை எடுத்து முன்வரிசைச் சிறுமியிடம் மெல்லப் போட்டார். நிஜப் பந்து ஒன்று தன்னை நோக்கி வருவதைக் கண்டு அவள் வீலென்று அலறி உட்கார்ந்துவிட்டாள். அடுத்து நின்றவன் ஓட்டம் பிடித்தான். மாஸ்டருக்குப் பதவி கண்ணெதிரே நழுவிக்கொண்டிருந்தது. ஆனால் வாய் மட்டும் அடங்கவில்லை.

"எத்தனை தடவை சொல்லிக் குடுத்தாலும் இதுங்க மண்டைல ஏறாது மேடம்!"

பழியைப் பிள்ளைகள் தலையில் போட்டதுதான் அதிகாரிக்குச் சுருக்கென்றது.

"அப்படியா? நீங்களே பிடிச்சுக் காட்டுங்க சார். பார்த்துக் கத்துக்கட்டும்."

மாஸ்டர் விசிலை வாயில் கவ்வினார். முழங்காலை மடக்கி, விரல்களை விரித்தார். நின்ற தோரணையில் ஒரு குறை சொல்ல முடியாது. பந்து வந்தது. பயத்தில் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. நீட்டிய கைகளுக்கு நடுவே புகுந்து, பந்து தொப்பையில் மொத்தியது. உள்ளே இருந்த மூச்செல்லாம் விசில் வழியாக நீளமாக அலறிக்கொண்டு வெளியேறியது.

விசில் கேட்டதும் பிள்ளைகள் கடமை தவறவில்லை. காற்றை மார்போடு அணைத்துக்கொண்டு மைதானம் அதிரக் கத்தினார்கள்.

"பிடிச்சாச்சு சார்!"

பந்து உருண்டுபோய்ச் சாக்கடையில் விழுந்தது. அதிகாரி பேனாவை மூடினார்.

"குரல் கணீர்னு இருக்கு சார். இங்க பாட்டு டீச்சர் யாரு? அவங்களை நான் பார்க்கணும்."