நாங்கள் இருவர் மட்டும் கேட்டது

என் மனைவியின் வலது கையில் கொதிக்கிற கருப்பட்டிப் பாகு கவிழ்ந்தது ஒரு பங்குனி மாதத்தில். அப்போது நான் மயிலாடிக்குத் தெற்கே பனை ஏறிக்கொண்டிருந்தேன். நான் இறக்கிவரும் பதநீரை அவள் ஓலைக் குடிசைக்குள் பெரிய சட்டியில் காய்ச்சி, பாகு பதம் வந்ததும் தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றுவாள். அடுப்புக் கல் ஒன்று ஆடுகிறது என்று முந்தின வாரமே சொல்லியிருந்தேன். ஆனால் நான் எதைத்தான் சொல்லாமல் விட்டேன்? கயிறு நைந்துவிட்டது, கிணற்றடியில் பாம்பு கிடக்கும், மேகம் கறுக்கிறது, பசுவின் கண் சரியில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதுகூட வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்பாரோ என்ற பயத்தில்தான். ‘பனை ஏறத் தெரிந்த பயந்தாங்கொள்ளி’ என்று ஊரில் எனக்குப் பெயர். ஓயாமல் பயப்படுகிறவன் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. நானும் அந்தக் கல்லைச் சொன்னதோடு விட்டுவிட்டேன், மாற்றி வைக்கவில்லை.

வெந்நீர் என்றால் வழிந்து ஓடிவிடும். பாகு ஓடாது. பிடித்த இடத்திலேயே இருந்து வேகவைக்கும். மாட்டுவண்டியில் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஐந்து வாரம் அங்கே கிடந்தாள். நான் வராந்தாவில் கிடந்தேன். கை போய்விடுமோ, காய்ச்சல் வந்துவிடுமோ என்று ஒவ்வொரு நாளும் ஒரு பயம். ஒன்றும் போகவில்லை. தோல் ஆறியது.

வீட்டுக்கு விடுகிற அன்று ஒரு வயதான நர்சம்மா எங்கள் இருவரையும் ஜன்னல் பக்கம் அழைத்துப்போனார். என் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக நீட்டிக் காட்டினார்.

“தோல் ஆறியாச்சு. இனிமேத்தான் வேலையே இருக்கு. ஆறின தோலு சுருங்கும். சுருங்கி வெரல உள்ள இழுத்துட்டுப் போயிரும். தெனம் மூணு நேரம் எண்ணெ தேச்சு, ஒவ்வொரு வெரலா நீட்டணும், மடக்கணும். கத்துவா. கத்தட்டும். அழுகாளேன்னு விட்டியளோ, கை போச்சு.” பிறகு என் மனைவியின் தாடையைத் தொட்டு, “கேட்டியா மக்கா?” என்றார்.

“கேட்டேன்” என்றாள் அவள்.

கையில் கொடுத்த சீட்டில் களிம்பின் பெயர் மட்டும் இங்கிலீஷில் இருந்தது. நர்சம்மா சொன்னது எதிலும் எழுதப்படவில்லை. அதைக் கேட்டது நாங்கள் இருவர் மட்டும்.

பஸ்ஸில் வரும்போது அவளே சொன்னாள்: “நான் எப்படிக் கெஞ்சினாலும் விடாதியோ. ஏசினாலும் விடாதியோ, என்னா?”

நான் விடவில்லை. காலையில் பனையிலிருந்து இறங்கியதும் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, விளக்கு வைக்கும் முன்னால் ஒரு தடவை. எண்ணெய் தேய்த்துக் கட்டை விரலில் தொடங்குவேன். அவள் அலறுகிற அலறல் நாலு வீடு தாண்டிக் கேட்கும். என்னை ‘நீங்க’ என்றே அழைத்துப் பழகியவள், மூன்றாவது விரலுக்கு வரும்போது, “நீரு மனுசனாவே? ஒம்ம கை அழுகிப் போவும்!” என்பாள். முடிந்த பிறகு, “ஏசிட்டனோ?” என்று கேட்பாள். “கொஞ்சம்போல” என்பேன். வெளியே போய்த் தென்னை மூட்டில் உட்கார்ந்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன்.

மூன்றாவது வாரம் கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் நுனியோடு நுனி தொட்டன. ஒரு சிரட்டையின் விளிம்பைப் பிடித்து அவள் தூக்கினாள். “பாருங்கோ, பிடிக்கி! நல்லாப் பிடிக்கி!” என்றாள். அந்த ஒரு நாள் எனக்கு எந்தப் பயமும் இல்லை.

அதற்குள் ஊர் பேசத் தொடங்கியிருந்தது. கை வெந்தவளைக் கட்டிவைத்து முறிக்கிறான் என்று பேச்சு இரணியல் வரை போய்விட்டது. அங்கேதான் அவள் பிறந்த வீடு. அவளுடைய அண்ணன் ஜவுளிக்கடை வைத்திருந்தார், கொஞ்சம் இங்கிலீஷ் படித்தவர். ஒரு நாள் காலை நான் அவள் நடுவிரலைப் பிடித்திருந்த நேரத்தில் வாசலில் வந்து நின்றார். அவள் அலறல் தெருமுனையிலேயே அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

“விடும்வே கைய! ஊருல சொன்னப்ப நான் நம்பல்ல.”

“மச்சான், ஆஸ்பத்திரில சொன்னதாக்கும். நீட்டாட்டா வெரலு ஒட்டிரும்.”

“எங்க, சீட்டக் காட்டும்.”

எடுத்துக் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “இதுல களிம்புன்னுல்லா போட்டிருக்கு. முறிக்கச் சொல்லி எங்க எழுதியிருக்கு?”

“வாயால சொன்னாவ. இவளும் நின்னு கேட்டா.”

“மாப்பிள, ஒமக்கு மேகம் கறுத்தாலும் பயம், மாடு செருமினாலும் பயம். இப்ப வெரலு ஒட்டிருமுன்னு பயம் பிடிச்சிருக்காக்கும். அதுக்கு என் தங்கச்சி சாவணுமா?” தங்கையின் பக்கம் திரும்பினார். “ஏட்டி, நீ சொல்லு. ஆஸ்பத்திரில இப்படியா சொன்னாவ?”

நான் நிம்மதியாக இருந்தேன். இப்போதும் அதுதான் என்னை அறுக்கிறது. அவள் சொல்லிவிடுவாள் என்று, பயமே இல்லாமல் நின்றேன்.

அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

“எனக்கு ஞாபகமில்ல அண்ணே” என்றாள். பிறகு, “என்னக் கூட்டிட்டுப் போயிரு” என்றாள்.

பத்து நாள் கழித்து இரணியலுக்குப் போனேன். அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். கையை மெத்தென்ற பழந்துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார்கள். மாமியார் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். “பாத்தியளா மருமோனே, இங்க வந்த பொறவு பிள்ள ஒரு நாளு அழல்ல” என்றார். அது உண்மை. அவள் முகம் தெளிந்திருந்தது. கன்னத்தில்கூடக் கொஞ்சம் சதை வைத்திருந்தது. துணியை விலக்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன். “ஒறங்கப் போறேன்” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆடியில் ஒரு தடவை போனேன். அப்போதும் துணி விலகவில்லை.

ஐப்பசியில் அவளே திரும்பி வந்தாள். நான் நீட்டி வழிக்குக் கொண்டுவந்திருந்த கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் அப்படியே இருந்தன. மற்ற மூன்றும் உள்ளங்கைக்குள் மடங்கி, மேலே தோல் ஓடி ஒன்றாகியிருந்தன. நகத்தின் நுனி மட்டும் தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அதே நர்சம்மா. கையைத் திருப்பிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே அய்யா. பொஞ்சாதி அழுதான்னு பயந்து விட்டுட்டியளா?”

பக்கத்தில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். நான் காத்திருந்தேன். ஒரு வார்த்தை போதும். அவள் முந்தானையால் கையை மூடிக்கொண்டு, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். “பயந்துட்டேன்” என்று நானே சொன்னேன். நர்சம்மா நம்பினார். என்னைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள்.

அந்த வலி எனக்கு வந்ததில்லை. வந்திருந்தால் நானும் ஞாபகமில்லை என்றுதான் சொல்லியிருப்பேனோ என்னவோ. இதை எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆறவில்லை. வலி தாங்காமல் போனதை மன்னிக்க முடிகிறது. வலியெல்லாம் போன பிறகும் வாய் திறக்காததை என்ன செய்வது? பஸ்ஸில் ‘விடாதியோ’ என்று சொன்ன வாய்தானே அது.

அவள் இடது கையால் எல்லாம் பழகிக்கொண்டாள். பாகு காய்ச்ச ஆள் வைத்தோம். நர்சம்மா சொன்னதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

சில வருஷம் கழிந்தது. எங்கள் பகுதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த சமயம். அடுத்த தெருவில் நெல் அவிக்கும்போது ஒரு சின்னப் பெண்ணின் கை வெந்து ஆறியிருந்தது. அதன் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் மனைவியிடம் வந்தாள். வெந்த கையோடு வாழ்கிறவள் எங்கள் பக்கத்தில் இவள் ஒருத்திதானே.

“பிள்ள தொட விடமாட்டேங்கு அக்கா. பாவமா இருக்கு. அப்படியே துணி சுத்தி விட்டிருக்கேன்.”

“துணிய அவுரு” என்றாள் என் மனைவி. அவள் குரலை அவ்வளவு திண்ணென்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தன் கையை அந்தத் தாயின் முகத்துக்கு நேரே நீட்டினாள். “இதப் பாரு. பாவம் பாத்தா இப்படித்தான் ஆவும். தெனம் மூணு நேரம் நீட்டணும். கத்தினாலும் விடாத. எனக்கு அப்பம் நீட்டிவிட ஆளில்லாமப் போச்சு.”

நான் வாசல்படியில் பனம்பாளை சீவும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தாய் என் பக்கம் திரும்பினாள். “உள்ளதாண்ணே? நீட்டாட்டா இப்படி ஆயிருமா?”

இல்லை, ஆள் இருந்தான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் பேச்சு எங்கள் வீட்டுக் கதையாகிவிடும். துணி மறுபடியும் சுற்றப்பட்டுவிடும்.

“உள்ளதுதான்” என்றேன். “அவ சொன்னது மாதிரி செய்யி.”

“எப்படிப் பிடிக்கணும்?”

என் மனைவி குழந்தையின் கையை எடுத்தாள். இரண்டு விரலால் முடியவில்லை. கொஞ்ச நேரம் முயன்றுவிட்டு, என்னைப் பார்க்காமலே, “நீங்க பிடிச்சுக் காட்டுங்கோ” என்றாள்.

கத்தியை வைத்துவிட்டு எழுந்துபோனேன். எண்ணெய் தொட்டுக் கட்டை விரலில் தொடங்கினேன். குழந்தை அலறியது. என் மனைவி எழுந்து புறவாசலுக்குப் போய்விட்டாள்.

“செஞ்சு பழகின கை மாதிரில்லா இருக்கு அண்ணே” என்றாள் அந்தத் தாய்.

நான் அடுத்த விரலைப் பிடித்தேன்.