நாங்கள் மறித்த பாதை

சென்ற மழைக்கு, என் மகன் வந்துகொண்டிருந்த பள்ளி வேன் மண் சரிந்த இடத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. ஆறு மணித்தியாலம். பலாபத்வலையில் எங்கள் வீட்டு வாசலில் நின்றபடி அந்த ஆறு மணித்தியாலத்தையும் கழித்தேன். அவன் சிரித்துக்கொண்டே வந்து இறங்கினான். கையில் யாரோ கொடுத்த பிஸ்கட் பக்கற். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் இன்றுவரை பள்ளி விடும் நேரம் ஆனால் வாசலுக்கு வந்து நின்றுவிடுகிறேன்.

அன்று வானொலியில், நாட்டின் நாடியான ஏ ஒன்பது வீதி தடைப்பட்டிருப்பதாக வாசித்தார்கள். நான் எழுந்து போய் வானொலியை நிறுத்தினேன். நாடி என்ற அந்தச் சொல்லை ஒரு பாதைக்கு வைத்துப் பெரிய எழுத்தில் எழுதியவள் நான். அப்போது எனக்குப் பதினொரு வயது.

எல்கடுவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்தோம். கீழே இறங்க ஒரே பாதை. அதில் பாதி சரிந்துபோய், மீதி குழியாகிக் கிடந்தது. ஒரு கர்ப்பிணியைக் கம்பளியில் கட்டித் தூக்கிப் போனபோது அவள் பாதி வழியிலேயே பிள்ளை பெற்றாள். அதற்குப் பிறகுதான் ஒரு பெரிய மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டுப் பாதையை மறிப்பது என்று லயத்து ஆட்கள் முடிவெடுத்தார்கள். அப்பாதான் தலைவர். மாரியம்மன் கோயிலில் கற்பூரத்தைக் கொளுத்தி, எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து எல்லோரும் சத்தியம் செய்தார்கள்: பாதையைச் செய்ய ஆள் வரும்வரை எந்த வண்டிக்கும் மரத்தை நகர்த்துவதில்லை. முதலில் கையை வைத்தவர் அப்பா.

பலகை எழுதும் வேலை எனக்கு வந்தது. அந்த வாரம்தான் டீச்சர் நாடி, நாளம் பாடத்தை நடத்தியிருந்தார். இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோவது நாடி, திரும்பக் கொண்டுவருவது நாளம்; பெரிய வீதிகளும் ஊருக்கு அப்படித்தான் என்றார். நான் எழுதினேன்: 'இந்தப் பாதை எங்கள் நாடி. செய்து தா!'

"நாடின்னா? வைத்தியர் கையப் புடிச்சுப் பார்ப்பாரே, அதா?" என்றார் அப்பா.

"அதேதான். எழுபது தடவ அடிச்சா ஒரு நிமிசம்."

அப்பாவுக்குப் பெருமை. பலகையை மரத்தின் நடுவில் ஆணியடித்து வைத்தார்.

மூன்றாம் நாள் பகல். மரத்துக்கு மேல் பக்கம் தோட்டத்து லொறி, தேயிலை ஏற்றியபடி மூன்று நாளாக நின்றது. கீழ்ப்பக்கம் பாணும் பணிஸும் விற்கும் ஒரு பேக்கரி வேன். மறியலுக்கு வந்த கூட்டத்தால் அந்த வேன்காரருக்கு நல்ல வியாபாரம். அவர் மட்டும் தினமும் சந்தோஷமாக வந்து போனார். நானும் ஐந்து வயதுத் தம்பியும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தேத்தண்ணி கொண்டுபோனோம். போத்தலைத் தான் பிடிப்பதாகத் தம்பி அழுதான். கொடுத்துவிட்டேன். இறக்கத்தில் ஓடினான்.

விழுந்த சத்தத்தைவிடப் போத்தல் உடைந்த சத்தம்தான் முதலில் கேட்டது. முன்கையில் கண்ணாடி ஏறி, இரத்தம் விட்டுவிட்டுப் பீறிட்டது. பீறிட்டால் அது நாடி என்று டீச்சர் சொல்லியிருந்தார். பெருவிரலை வைத்து அழுத்திக்கொண்டு கத்தினேன். அப்பா ஓடிவந்து தம்பியைத் தூக்கினார். நான் விரலை எடுக்காமல் கூடவே ஓடினேன்.

மரத்துக்குக் கிட்டே வரும்போதே லொறி டிரைவர் இஞ்சினைப் போட்டுவிட்டார்.

"தலைவரே, மரத்தத் தள்ளச் சொல்லுங்க! நானே மாத்தள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன்!"

நாலு பேர் மரத்தில் கை வைத்தார்கள்.

"தொடாதீங்க!" என்றார் அப்பா.

எல்லோரும் அப்படியே நின்றார்கள். ஒரு பெரியவர், "அட, புள்ளைய விடவா சத்தியம்? அம்மன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா" என்றார்.

"லொறி போச்சுன்னா தேயில போச்சு. தேயில போனப்பறம் நம்மளப் பாக்க எவன் வருவான்?" என்றார் அப்பா.

அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "இவன் போயிட்டா எவன் வருவான்? சொல்லுங்க, எவன் வருவான்?"

அப்பா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்தின் மேல் ஏறினார். மரம் என் நெஞ்சளவு உயரம். என் விரல் வழுக்கியது. கிளைகளுக்குள் சிக்கிய அப்பாவின் காலை யாரோ விடுவித்தார்கள். மறுபடி விரலை வைத்தபோது தம்பி அழுவதை நிறுத்தியிருந்தான். அவன் அழாதது அழுததைவிடப் பயமாக இருந்தது. அழாமல் இருப்பதற்காக நான் எண்ணத் தொடங்கியிருந்தேன்.

பாண் வேன்காரர் தட்டுகளையும் பணிஸையும் பாதையில் எறிந்து இடம் செய்தார். ஆனால் வேன் மேலே பார்த்து நின்றது. அந்த ஒடுக்கமான பாதையில் திருப்ப முடியாது. வளைவு வரைக்கும் பின்னோக்கியே இறங்க வேண்டும். ஒரு பக்கம் பள்ளம். "பயப்பட வேணாம் நங்கி, பயப்பட வேணாம்" என்று, சிங்களத்தில் தங்கச்சி என்றழைத்து எனக்குச் சொன்னவரின் கழுத்தெல்லாம் வியர்வை. வளைவில் ஒருவழியாகத் திருப்பி, பிறகு பறந்தார்.

தம்பி பிழைத்தான். இன்றும் அவனுடைய இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. தோட்டத்தை நடத்திய துரை கடைசியில் இறங்கிவந்தார், பாதையும் செய்தார்கள். பெற்ற பிள்ளைக்கே மரத்தை நகர்த்தாத தலைவர் என்று லயத்தில் வெகுகாலம் பேசினார்கள். அப்படி யாராவது தொடங்கினால் அப்பா எழுந்து போய்விடுவார். வீட்டில் அம்மா அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. அது அப்பாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அன்று பின்னேரம், தம்பியை உள்ளே கொண்டுபோய் வெகுநேரமாகியும் எங்களுக்கு ஒரு செய்தியும் வரவில்லை. அம்மா இன்னும் வந்து சேரவில்லை; ஆஸ்பத்திரி வாங்கில் நானும் அப்பாவும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். அப்பா தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"மரத்துக்கிட்ட ரொம்ப நேரம் ஆயிடுச்சா பாப்பா?"

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. சரியான விடை தெரிந்த கேள்வி.

"நான் எண்ணினேன் அப்பா. நீங்க தொடாதீங்கன்னு சொன்னதுல இருந்து வேன் திரும்புற வரைக்கும் நானூத்தி முப்பது."

"எத எண்ணுன?"

"தம்பி நாடிய. நடுவுல வெரலு வழுக்கினப்ப எண்ண முடியல. அதனால கொஞ்சம் கூடவும் இருக்கும்."

அப்பா என் பெருவிரலைப் பார்த்தார். நான் இன்னும் கை கழுவியிருக்கவில்லை. பாராட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து வெளி விறாந்தைக்குப் போய், சுவரோடு முகத்தை வைத்து நின்றார். தோள் குலுங்கியது. மனக்கணக்குப் போடுகிறார், வரவில்லை என்று நினைத்தேன். உதவலாமே என்று பின்னாலேயே போய் அவர் சட்டையை இழுத்தேன்.

"எழுபதால வகுக்கணும் அப்பா."