அக்கா கேட்ட சொற்கள்

பின்னேரக் கடற்காற்றில் மொட்டை மாடிக்குப் போனால், அந்தச் சிங்களச் சொற்கள் இன்னும் அங்கே மிதப்பதுபோல இருக்கும். வம என்றால் இடது. தத என்றால் இறுக்கம்.

கொழும்பு வெள்ளவத்தையில் என் பிளாட்டுக்கு மேல்மாடியில் இருப்பவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கணவர் இறந்தபின் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், சிங்களம் தெரியாது. மாதம் ஒருமுறை சீனி வருத்தக் கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போவேன். டொக்டருக்கும் அவருக்கும் நடுவில் நின்று கதைப்பேன். பொய் சொல்வானேன், பாதி நேரம் அவரைக் கேட்காமலே பதில் சொல்லிவிடுவேன். "களைப்பு மட்டும்தான், வேறொன்றுமில்லை" என்பேன். தனிக்கட்டையான எனக்கு அந்த நாள் வருவதே சந்தோஷம்.

அக்காவின் மார்பில் ஒரு கட்டி இருந்தது. எனக்கு அது தெரியாது. டொக்டர் பெண்தான், நடுவில் நின்றவன்தான் ஆண்.

ஒருநாள் லிஃப்டில் கேட்டார். "தம்பி, எனக்குக் கொஞ்சம் சிங்களம் சொல்லித் தாங்கோ."

"நான் இருக்கிறன்தானே அக்கா, பிறகென்ன?"

"ஓம், நீங்கள் இருக்கிறியள்தான்."

எனக்குச் சுருக்கென்றது. என்னைக் கழற்றிவிடப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஆனாலும் மறுக்க முடியவில்லை.

மொட்டை மாடியில் பாடம் தொடங்கினோம். வாத்தியார் வேலை எனக்கு நன்றாகவே பிடித்துப்போனது. சுகம் விசாரிப்பது, மரக்கறி வாங்குவது என்று ஒழுங்காகப் போனேன். கரையோர ரயில் வந்தால் சொற்கள் அந்தச் சத்தத்தில் கரைந்துபோகும். இருவரும் கடலைப் பார்ப்போம். எல்லாம் மஞ்சள் வெளிச்சத்தில், பாதித் தூக்கத்தில் நடந்ததுபோல ஞாபகம். அக்கா கத்தரிக்காய்க்கு மசியவில்லை. இடதுக்கு என்ன, இறுக்கத்துக்கு என்ன என்று தனக்கு வேண்டியதையே கேட்டார்.

"மூண்டு மாதமா இருக்கு எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

சொல்லிக்கொடுத்தேன். சில கிழமை கழித்து, "நாலு மாதம் எண்டால்?"

"எண்ணெல்லாம் படிப்பிச்சிட்டனே அக்கா. முதல்ல கத்தரிக்காயைப் பாடமாக்குங்கோ" என்று எரிந்து விழுந்தேன். அவர் சிரித்துவிட்டுக் கடலைப் பார்த்தார்.

அடுத்த கிளினிக்கில் டொக்டரின் கதவடியில் நின்றார். "இண்டைக்கு நீங்கள் வெளியில இருங்கோ தம்பி."

வெளியில் கிடந்த வாங்கில் உட்கார்ந்தேன். கோபம்கூட வந்தது. கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்புவிப்பதுபோல அக்காவின் குரல் சிங்களத்தில் கேட்டது. இடது. இறுக்கம். பிறகு, ஐந்து மாதம். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கட்டியை வெட்டி எடுத்தார்கள். தப்பிவிட்டார். ஆஸ்பத்திரி வாட்டில் பார்க்கப் போனபோது பக்கத்துக் கட்டில்காரியுடன் தட்டுத்தடுமாறிச் சிங்களம் கதைத்துக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "அஞ்சு மாதம் எண்டால் என்னெண்டு என்னட்டைக் கேக்கவேயில்லையே அக்கா" என்றேன்.

"கேட்டால் ஏசுவியள் எண்டு நானே விரல்விட்டு எண்ணிப் பாத்தனான் தம்பி."