செம்மண்ணில் பருத்தி

1943-இல், ஜப்பான் பிடித்திருந்த மலாயாவில், தம்பின் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுப் பருத்தி விதைக்கச் சொன்னான் ஜப்பானிய அதிகாரி. அங்கே ரப்பர்ப் பால் வெட்டிக்கொண்டிருந்த வெள்ளைத்தாய் விதைக்கூடையைத் தொட மறுத்தாள். கோவில்பட்டிக் கரிசலில் பருத்தி எடுத்து வளர்ந்தவள் அவள்.

"எங்க ஊர்ல ஐப்பசி, கார்த்திகையில மழை. தையில நின்னுடும். அப்புறம் காயிற வெயில்லதான் பருத்தி வெடிக்கும். இங்க எந்த மாசமும் பொழுது சாய்ஞ்சா மழை. காய் செடியிலயே அழுகிடும்லா."

எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி அமிர்தலிங்கம் தயங்கினார். "இதை அவன்கிட்ட மலாய்ல எப்படிம்மா சொல்றது?"

"நான் சொன்னத அப்படியே சொல்லுங்கய்யா."

அவர் அப்படியே சொன்னார். அதிகாரி அவளை அறைந்தான். உதட்டில் கசிந்த ரத்தத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவள் அதையே இன்னொரு தடவை சொன்னாள்.

துப்பாக்கிக்குப் பயந்து மற்றவர்கள் விதைத்தார்கள். மறுநாள் வெள்ளைத்தாய் அவன் கண்ணெதிரிலேயே பருத்தி வரிசைகளுக்கு நடுவே மரவள்ளிக் குச்சிகளை ஊன்றினாள். தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். பிடுங்கச் சொன்னபோது, "பருத்தி வெடிச்சா நானே பிடுங்குறேன்" என்றாள். என்ன நினைத்தானோ, அவன் விட்டுவிட்டான்.

ஐந்தாம் மாதம் காய் முற்றியது. மழை விடவில்லை. கறுத்து நாறிய காய் ஒன்றைப் பறித்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் அதை வீசிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனான்.

அரிசி கிடைக்காத அந்த வருஷம் லயத்தில் நாற்பது குடும்பங்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிரோடிருந்தன. முதலில் தோண்டிய கிழங்கை அவித்து, அவள் கிராணி வீட்டுக்குத்தான் கொடுத்தனுப்பினாள்.