பச்சை மேலங்கி போட்ட அக்கா

அண்ணனுக்கு இரண்டு கண்ணிலும் புரை. இன்னும் தள்ளிப்போட்டால் சிகிச்சையே சிக்கலாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணனோ தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள். இரண்டு தடவை அறுவைக்குத் தேதி வாங்கினோம். இரண்டு தடவையும் அன்று காலையில் அவருக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. அண்ணி அழுதே பார்த்துவிட்டார். நான் கத்திப் பார்த்துவிட்டேன்.

இந்த எரிச்சலோடுதான் ஒரு மத்தியானம் பாயான் பாருவில் ஒரு புத்தகக் கடைக்குள் நுழைந்தேன். புத்தகம் வாங்க இல்லை, குளிர்ந்த காற்று வாங்க. அடுக்கில் அந்தக் காமிக்ஸ் நின்றது. பழைய இதழை அப்படியே மறுபதிப்பாகப் போட்டிருந்தார்கள். அட்டையில் அதே ஐந்து பேர்: தலைவன், பறப்பவன், பாறையைத் தூக்கும் பலசாலி, இரும்புக் கைக்காரன், ஓரத்தில் பச்சை மேலங்கி போட்ட ஒரே பெண். அதைக் கையில் எடுத்தேன். அறுபது வயதுக்காரி காமிக்ஸைப் பார்த்துக் கண்கலங்கினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? நினைத்துவிட்டுப் போகட்டும்.

சின்ன வயதில் நாங்கள் இதே தீவில் ஜார்ஜ் டவுனில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். பழைய செய்தித்தாள் வாங்குகிறவர் 'பேப்பர் லாமா' என்று மலாயில் கூவிக்கொண்டு வந்தால், அண்ணன்தான் வீட்டிலிருக்கும் கட்டைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்குவார். ஒரு நாள் காசுக்குப் பதிலாக இந்தக் காமிக்ஸை வாங்கி வந்து, அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். நான் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு, ஆங்கிலம் ஓர் எழுத்துகூடப் புரியாது. இடைநிலைப் பள்ளியில் படித்த அண்ணன் கட்டம் கட்டமாக விரல் வைத்துத் தமிழில் கதை சொல்வார்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "இந்த அக்கா என்னண்ணே சொல்றாங்க?"

"நீங்க எல்லாரும் இங்கேயே நில்லுங்க, நான் போயிட்டு வர்றேன்னு சொல்றாங்க."

ஒரு படத்தில் அவள் தரையில் விழுந்து கிடப்பாள். அது ஏன் என்று கேட்டால், "எதிரி வர்ற சத்தத்தக் காத வச்சுக் கேக்கறாங்க" என்பார். நான் அதையும் நம்பினேன். வளர்ந்து பாயான் பாரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்த அக்கா எனக்குள் இருந்தாள். மேலாளரிடம் யார் போய்ப் பேசுவது என்று லைனில் எல்லோரும் தரையைப் பார்த்த ஒரு நாளில், "நீங்க எல்லாரும் இங்கேயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறியவள் நான். பிறகு என்னையே லைன் சூப்பர்வைசராகப் போட்டார்கள்.

கடையில் நின்றபடியே புத்தகத்தைப் படித்தேன். அந்தப் பெண் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. பயமாக இருக்கிறது என்கிறாள். நீ இங்கேயே இரு, இது உனக்கு ஆகாது என்று தலைவன்தான் அவளிடம் சொல்கிறான். தரையில் கிடந்ததும் மயக்கம் போட்டுத்தான். எழுதியவன்மேல் முதலில் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. அட அண்டப் புளுகரே, அத்தனையும் உங்கள் கைச்சரக்கா? தங்கச்சி ஆசையாகக் கேட்கிறாள் என்பதற்காக ஒரு புத்தகத்தையே மாற்றிச் சொல்லும் மனசு எத்தனை பேருக்கு வரும்? நான் நன்றி சொல்லவேண்டியது புத்தகத்துக்கு இல்லை, அவருக்குத்தான் என்று அங்கே புரிந்தது.

புத்தகத்தை வாங்கிக்கொண்டு மறுநாளே தீவிலிருந்து பாலத்தைக் கடந்து அக்கரையில் செபராங் ஜெயாவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் சோபாவில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் அன்று செய்தது போலவே தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பலசாலி வரும் பக்கம் வந்தது.

"இவருக்குக் கண்ணு மங்கிடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு சொன்னா வயித்துவலின்னு படுத்துக்கிறாரு" என்றேன்.

அண்ணன் கண்ணைத் திறந்தார். "அது புக்குல இல்லலா."

"காத வச்சுக் கேட்டது மட்டும் இருந்துச்சாண்ணே?"

அவர் உடம்பு குலுங்கச் சிரித்தார். "கண்டுபிடிச்சிட்டியா? அந்த அக்கா அக்கான்னு உசுர விட்டே. மயங்கிக் கெடக்குறாங்கன்னு எப்படிச் சொல்றது பாப்பா?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அந்த அக்காவாலதாண்ணே நான் ஆளானேன்" என்றேன். சிரிப்பு அடங்கியதும் அவர் என் மடியிலிருந்த புத்தகத்தைத் தடவினார்.

"கண்ணுல கத்தி வைக்கிறத நெனச்சாலே பயமா இருக்கு." வயிற்றுவலி என்ற பேச்சை விட்டு அவர் உண்மையைச் சொன்னது அன்றுதான். "சரி, டேட் வாங்கு."

குறித்த நாள் காலையில் வயிற்றுவலி வரவில்லை. தலையில் பச்சைத் தொப்பி மாட்டி, சக்கர நாற்காலியில் அறுவை அறையின் கதவுவரை கொண்டுவந்தார்கள். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டே கூட வந்தார். நான் பின்னால் நடந்தேன். கதவருகே அண்ணன் நாற்காலியை நிறுத்தச் சொன்னார். எங்கள் முகம் அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. நாங்கள் நின்ற பக்கமாகத் திரும்பினார்.

"நீங்க எல்லாரும் இங்கேயே நில்லுங்க" என்றார். "நான் போயிட்டு வர்றேன்."